மஞ்சள் விட்டுப்போன கொடி

பிம்பலோனியா என்று ஒரு நாடு கிடையாது. ஆனால் 1910-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் எட்டு வயதுப் பிள்ளை யாரைப் பிடித்துக் கேட்டிருந்தாலும் அந்த நாட்டின் கொடியை மணலில் வரைந்து காட்டியிருக்கும். மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை, கீழே பச்சை. வெள்ளையில் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு வாத்து, அதன் தலையில் கிரீடம். எங்கள் 'மார்னிங் பீக்கன்' பத்திரிகையின் ஞாயிறு வண்ணப் பக்கத்தில் வந்த படக்கதையில், போம்ப்போ மன்னர் எங்கே போனாலும் அந்தக் கொடியைத் தூக்கிக்கொண்டு போவார். குளிக்கப் போனால் தொட்டிக்குள் நட்டுவைத்துக்கொள்வார். பல் பிடுங்கப் போனால் பல் வைத்தியரிடம் பிடித்துக்கொள்ளச் சொல்வார்.

மன்னரையும் வாத்தையும் வரைந்தவர் எல்மர் ஹாட்ச். அவற்றுக்கு நிறம் கொடுத்தவள் நான், டெக்லா நோவிட்ஸ்கா. அவருடைய பெயர் பக்கத்தின் மூலையில் வரும். என் பெயர் எங்கும் வராது. அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய்.

என் வேலை இதுதான். ஓவியர் கறுப்பு மையில் வரைந்து கொடுத்த படம் நான்கு துத்தநாகத் தகடுகளில் ஏறும். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. எந்தத் தகட்டில் எந்த இடத்தில் நிறம் விழ வேண்டுமோ, அங்கே பொடிப் புள்ளிகள் கொண்ட படலம் ஒன்றை வைத்துத் தேய்த்துப் புள்ளிகளை இறக்குவேன். பச்சைக்கென்று தனித் தகடு கிடையாது. ஒரே இடத்துக்கு நீலத் தகட்டிலும் புள்ளி வைக்க வேண்டும், மஞ்சள் தகட்டிலும் வைக்க வேண்டும். அச்சில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் பச்சை. கேட்பதற்கு எளிது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் கூனிக்கொண்டு செய்து பார்த்தால் தெரியும்.

எது என்ன நிறம் என்று, படத்தின் நகல் ஒன்றில் நீர்வண்ணம் பூசிக் காட்டி அனுப்புவது ஓவியர்களின் வழக்கம். எல்மர் மட்டும் அனுப்பமாட்டார்.

"உங்களுக்குத் தெரியாததா மிஸ் நோவிட்ஸ்கா? பாத்துப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

எங்கள் ஓவியப் பிரிவுத் தலைவர் ஹெர்மன் கோப்புக்கு இது ஆகாது. "துரை வண்ணத்தைத் தொட்டா கை அழுக்காயிடும் போல" என்பார். எல்மர் காதில் விழும்படிதான் சொல்வார். "நியூயார்க்ல இருந்து படக்கதை தகடாவே தயாரா வருது டெக்லா. அது சம்பளம் கேக்காது, லீவு கேக்காது, மேஜை மேல காலைத் தூக்கி வச்சுக்காது. இந்த வாத்து ராஜாவுக்கு ஒரு முழுக்குப் போட எனக்கு ஒரு காரணம் கிடைச்சாப் போதும்."

முதல் வருடம் நானும் எல்மரைச் சோம்பேறி என்றுதான் நினைத்தேன். உண்மை தெரிந்தது இரண்டாம் வருடம், செயின்ட் பேட்ரிக் திருநாளன்று. அன்றைக்கு ஐரிஷ்காரர்கள் பச்சை அணிவார்கள். எங்கள் அச்சு எந்திரத்தில் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் ஐரிஷ்காரர்கள். எல்மர் பளபளவென்று ஒரு சிவப்பு டை கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, அவர்கள் நடுவே போய் நின்றார்.

"என்னப்பா, இன்னிக்குப் பச்சை போடாம வரமுடியுமா?" என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அவர்கள் அவரைக் கூடமெல்லாம் துரத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் ஓடிக்கொண்டே ஒரு முறை குனிந்து தன் டையைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டவள் நான் ஒருத்திதான். அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. வண்ணப் பக்கத்துக்குப் படம் வரைகிறவர், நிறம் தெரியாதவர். கோப்புக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

நான் வாயைத் திறக்கவில்லை. அவரிடம்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை தோறும் அவர் மேஜைப் பக்கம் போய்ப் பேச்சுவாக்கில் சொல்லிவைப்பேன். "ராஜா அங்கிக்கு ஊதா வச்சுட்டேன் மிஸ்டர் ஹாட்ச். கொடி வழக்கம்போல, மேல சிவப்பு, கீழ பச்சை." அவரும் ஏற்கெனவே தெரிந்தவர் போலத் தலையாட்டுவார். யாராவது கேட்டால் சமாளித்துக்கொள்ளலாம் அல்லவா? இப்படியே நாட்கள் ஓடின.

பிறகு 1910 வசந்தத்தில் எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. கன்னம் பன்னாக வீங்கியிருந்தது. ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் புள்ளிகளை இறக்கினேன். கொடியின் கீழ்ப் பட்டைக்கு நீலத் தகட்டில் புள்ளி வைத்தேன். மஞ்சள் தகட்டில் வைக்க மறந்துபோனேன்.

எங்கள் ஞாயிறுப் பக்கம் நான்கு வாரம் முன்னதாகவே அச்சாகிக் கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டுவிடும். கட்டைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த வாரம் பிம்பலோனியாவின் கொடி சிவப்பு, வெள்ளை, நீலம். கோப்பிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"விடு, அடுத்த வாரம் சரியா வை. சின்னப் பிள்ளைங்களுக்கு என்ன தெரியப்போகுது?" என்றார்.

பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஞாயிறுக்குப் பிறகு வந்த திங்களன்று நாற்பது கடிதம். செவ்வாயன்று ஒரு சாக்கு. நீலம்தான் இனிமேல் உண்மைக் கொடி என்று ஒரு கட்சி, அது அச்சுப் பிழை, பச்சைதான் என்றைக்கும் கொடி என்று இன்னொரு கட்சி. பள்ளிக்கூட மைதானங்களில் அடிதடி. மகள் தன் பச்சைப் பாவாடையைக் கிழித்துக் கொடி தைத்துவிட்டதாக ஒரு அம்மா எழுதியிருந்தார். அந்த அம்மாவும் கடைசி வரியில், "எதற்கும் எது சரி என்று சொல்லிவிடுங்கள், வீட்டில் சோறு இறங்கவில்லை" என்று கேட்டிருந்தார்.

எங்கள் பத்திரிகை முதலாளி மிஸ்டர் ஸ்டான்டிஷுக்கு ஒரே குஷி. கனத்த மனிதர், எந்தச் சண்டையிலும் நாலு பத்திரிகை கூட விற்க வழி இருக்கிறதா என்று பார்க்கிறவர். ஜூன் மாதம் ஏரிக்கரைப் பூங்காவில் பத்திரிகை வாசகர்களுக்கு ஆண்டு விழா நடக்கும். அங்கே ஓவியர் எல்மர் ஹாட்ச், எல்லோர் கண்ணெதிரே, தன் கையால் உண்மையான கொடியைக் கப்பல் பாய்த்துணியில் தீட்டுவார் என்று முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டார். எல்மரைக் கேட்கவே இல்லை.

அறிவிப்பு வந்த காலை எல்மர் என் மேஜைக்கு வந்தார். வெகுநேரம் என் புள்ளிப் படலங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பெயின்ட் டப்பா மேலல்லாம் பேரு போட்டிருப்பாங்க இல்ல?" என்றார்.

"போட்டிருப்பாங்க."

"கொஞ்சம் பெரிசாப் போட்டிருந்தா தேவல. ஏரிக்கரை வெயிலு பாருங்க, கண்ணு கூசும்."

"நானே பெரிசா எழுதி வச்சிடறேன் மிஸ்டர் ஹாட்ச்."

"கோப் எங்க உக்காருவாரு?"

"முன்வரிசையிலதான்."

"அப்படியா" என்றார். அவர் திரும்பிப் போனபோது எனக்கு அழுகை வந்தது. என் ஒரு பல்லுக்காக இந்த மனிதரின் பிழைப்பு போகப்போகிறது என்று நினைத்தேன்.

விழாவன்று நல்ல வெயில், நல்ல காற்று. நாலாயிரம் பிள்ளைகள் இருக்கும். பச்சை நாடாக் கட்சி ஒரு பக்கம், நீல நாடாக் கட்சி ஒரு பக்கம், நடுவே போலீஸ்காரர் ஒருவர் இறைச்சி வைத்த சாசேஜ் பன் தின்றுகொண்டு நின்றார். மேடையில் பெரிய பாய்த்துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். டப்பாக்களில் நான் முந்தின நாளே கொட்டை எழுத்தில் பெயர் எழுதியிருந்தேன். மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், டப்பாக்கள் எல்லாம் காலியாகக் கிடந்தன.

"தகர டப்பா பாக்க அசிங்கமா இருக்கு. பித்தளை வாளியில ஊத்திட்டேன். வெயில்ல எப்படி மின்னுது பாரும்மா" என்றார் மிஸ்டர் ஸ்டான்டிஷ். தேய்த்துத் துலக்கிய வாளிகள். பெயரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

மேடைப் படியில் எல்மர் வெளுத்துப்போய் நின்றுகொண்டிருந்தார். நான் அங்கே விற்ற சாசேஜ் பன் ஒன்றை வாங்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"மிஸ்டர் ஹாட்ச், நான் முன்னாடி நிப்பேன். இது என் கையில இருக்கும். எந்தப் பக்கத்துக் கையில இருக்கோ, அந்தப் பக்கத்து வாளிதான் மேல் பட்டைக்கு."

அவர் என்னைப் பார்த்தார். இரண்டு வருடமாக நாங்கள் பேசாமல் வைத்திருந்த விஷயம் அந்த ஒரு பார்வையில் பேசி முடிந்துவிட்டது.

"உங்க கைப் பக்கமா, என் கைப் பக்கமா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எந்தப் பக்கமாத் தெரியுதோ அந்தப் பக்கம்."

"சரி. நீல வாளியைப் பத்திக் கவலைப்படாதீங்க. நீலம் எனக்கு நல்லாத் தெரியும்."

அதற்குள் பாண்டு வாத்தியம் ஆரம்பித்துவிட்டது. நான் முன்வரிசை ஓரத்துக்குப் போனேன். மேடையில் நடுவாளி நீலம். எனக்கு வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் பச்சை. சாசேஜை வலக்கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். கடுகுச் சாந்து முழங்கை வரை ஒழுகியது. பொருட்படுத்தவில்லை.

எல்மர் பெரிய பிரஷை எடுத்தார். கூட்டத்தில் என்னைத் தேடினார். அந்த நேரம் பார்த்து என் தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் முதலாளியின் மனைவி, வெள்ளைக் கையுறையோடு.

"நீதானே அந்த டெக்லா? உன் வேலையைப் பத்தி எங்க வீட்டுக்காரர் ரொம்பச் சொல்வாரு" என்று கையை நீட்டினார்.

எட்டு வருடத்தில் அந்தக் குடும்பத்திலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அதற்கு இந்த நொடிதானா கிடைத்தது? கை குலுக்காமல் இருக்க முடியுமா? சாசேஜை இடக்கைக்கு மாற்றினேன்.

நான் மேடையைப் பார்த்தபோது எல்மரின் பிரஷ் பச்சை வாளிக்குள் முங்கியிருந்தது.

கத்த முடியவில்லை. பதற்றத்தில் அந்தச் சாசேஜையே கடித்துவிட்டேன். எல்மர் மேல் பட்டையை விறுவிறுவென்று பச்சையாகத் தீட்டினார். பச்சைக் கட்சி முதலில் கைதட்டி, பிறகு பாதியில் நிறுத்தியது. நீலக் கட்சிக்கு என்ன செய்வதென்றே புரியவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. எல்மருக்கு அது கேட்டது. என்ன தப்பு என்று மட்டும் தெரியவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மற்ற வாளியில் பிரஷை முக்கி, கீழ்ப் பட்டையைச் சிவப்பாகத் தீட்டி முடித்தார்.

நாலாயிரம் பிள்ளைகள் சத்தமில்லாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். கோப் மெதுவாக நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் உதட்டில் சிரிப்பு வரத் தொடங்கியிருந்தது. எனக்கு அவரைப் பிடித்து ஏரியில் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது.

அப்போது முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள். ஏரியில் மரம் ஏற்றிப்போகும் பாய்க்கப்பல்காரர் ஒருவரின் மகள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"கொடி தலைகீழா இருக்கு. கப்பல்ல தலைகீழாக் கொடி ஏத்தினா ஆபத்து, வந்து காப்பாத்துங்கன்னு அர்த்தம். எங்கப்பா சொல்லியிருக்காரு. ராஜாவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள்.

எல்மர் திரும்பிப் பார்த்தார். தலைகீழ் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது அவருக்கு. நிறம் தெரியாதே தவிர, அந்த மனிதரின் கைக்குத் தெரியாதது எதுவும் இல்லை. வாத்து வரைவதற்காக வைத்திருந்த கறுப்பு மையில் பிரஷைத் தோய்த்தார். வெள்ளைப் பட்டையில் வாத்தைப் போட்டார், தலை கீழே, ஒற்றைக் கால் வானத்தைப் பார்த்து. அதன் கிரீடம் கழன்று விழுந்துகொண்டிருந்தது. விழுகிற கிரீடத்தைப் பிடித்துத் தொங்கினார் போம்ப்போ மன்னர். அவர் காலுக்குக் கீழே, சிவப்புப் பட்டை முழுவதையும் அடைத்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடி ஒரு சுறா.

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஏரியிலிருந்த நாரைகள் கிளம்பிப் பறந்தன. பச்சையாவது நீலமாவது, யாருக்கும் நினைவில்லை.

"ராஜாவுக்கு என்ன ஆச்சு? சுறா தின்னுடுச்சா?" என்று ஒரே கத்தல்.

"ஞாயித்துக்கிழமை பேப்பர்ல பாருங்க" என்று சொல்லிவிட்டு எல்மர் சட்டென்று நிறுத்தினார். அடுத்த நான்கு ஞாயிறுகளின் பக்கங்கள் ஏற்கெனவே அச்சாகிக் கட்டுக் கட்டாகக் கிடந்தன. அவற்றில் மன்னர் பன்றி மேய்த்துக்கொண்டிருந்தார். "அதாவது... அஞ்சாவது ஞாயித்துக்கிழமை."

நாலாயிரம் பிள்ளைகளும் அழாத குறையாக முனகினார்கள். ஐந்து வாரம் ஊரையே காக்கவைக்கலாம் என்று புரிந்ததும் மிஸ்டர் ஸ்டான்டிஷ் மேடைக்கு ஓடி எல்மரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பச்சைப் பெயின்ட் அவர் கோட்டெல்லாம் அப்பிக்கொண்டது.

கோப் என்னிடம் வந்தார். "எல்லாம் முன்னாடியே போட்ட திட்டமா?"

"பின்ன என்ன? ஒரு மாசமாத் திட்டம் போட்டோம்" என்றேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"எங்கிட்டச் சொல்லவே இல்ல."

"சொன்னா நீங்க முகத்துல காட்டிடுவீங்க மிஸ்டர் கோப்."

அவர் வாத்துப் படத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, நியூயார்க்கைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பீர்க் கூடாரத்தை நோக்கி நடந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு எல்மரைத் தண்ணீரோரம் ஒரு பாறையில் கண்டேன். பெயின்ட் கரைக்கும் காரமான டர்பன்டைன் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்பக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"அந்த டை."

"கடைக்காரன் பச்சைன்னு சொல்லித்தான் வித்தான்" என்று சிரித்தார். "எல்லாத்துக்கும் நன்றி, மிஸ் நோவிட்ஸ்கா."

"நன்றியெல்லாம் சொல்லாதீங்க. இத்தனை கஷ்டத்துக்கும் நான்தான் காரணம். பல்வலியில அன்னிக்கு மஞ்சள் வைக்க மறந்துட்டேன். அதனாலதான் கொடி நீலமாப் போச்சு, சண்டை வந்துது, உங்களை மேடையில ஏத்தினாங்க. ரெண்டு மாசமா உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன்."

அவர் துணியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பக்கத்தை வெட்டி என் ரூம் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன்" என்றார்.

"எதுக்கு? என்னைத் திட்டறதுக்கா?"

"இல்ல. நீங்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து, மேல சிவப்பு, கீழ பச்சைன்னு சொல்வீங்க. நான் தலையாட்டுவேன். ஞாயித்துக்கிழமை பேப்பரைப் பிரிச்சுப் பாத்தா, மேலயும் ஒரு கடுகு நிறம், கீழயும் அதே கடுகு நிறம். ஊருல ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிஞ்ச கொடி, வரைஞ்ச எனக்குத் தெரியாது. அந்த ஒரு வாரம்தான் மேல ஒண்ணாவும் கீழ ஒண்ணாவும் தெரிஞ்சுது. அன்னிக்குத்தாங்க என் கொடியை நான் முதமுதலாப் பாத்தேன்."

வைக்கக்கூடிய எத்தனையோ நிறங்களில், முதல் நாள் யோசிக்காமல் கைபோன போக்கில் நான் தேர்ந்தெடுத்தது அந்த இரண்டை. அவருக்கு மட்டும் தெரியாத அந்த இரண்டை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் டர்பன்டைன் துணியை என்னிடம் நீட்டினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான். அவர் நல்லவர். கெட்டிக்காரர் என்று நான் சொல்லவில்லை.

ஐந்தாவது ஞாயிறுக்கான படம் மறுவாரம் என் மேஜைக்கு வந்தது. சுறாவுக்குத் தும்மல் வந்து மன்னர் கரையில் விழுந்து பிழைத்துக்கொள்கிறார். கடைசிக் கட்டத்தில் கோட்டைமேல் கொடி ஏறுகிறது. வழக்கம்போல எல்மர் நிறம் எதையும் குறிக்கவில்லை. நான் சிவப்புத் தகட்டில் மேல் பட்டைக்குப் புள்ளி வைத்தேன். நீலத் தகட்டில் கீழ்ப் பட்டைக்கு வைத்தேன். மஞ்சள் தகட்டைக் கையில் எடுத்தேன். கொடி இருந்த இடத்தைத் தொடாமல் அப்படியே, தகட்டை அரிக்கும் அமிலத் தொட்டிக்கு அனுப்பினேன்.

பச்சைக் கட்சிப் பிள்ளைகள் மூன்று சாக்குக் கடிதம் எழுதித் திட்டினார்கள். கோப் என்னைக் கூப்பிட்டு, "மறுபடியும் பல்வலியா?" என்றார். அதன் பிறகு பிம்பலோனியா வந்த ஒன்பது வருடமும் நான் அந்த இடத்தில் மஞ்சள் வைக்கவில்லை.